பல்வகைப் பாண்டம் வனைந்த ஜோசையா வெட்ஜ்வுட்

ஒரே வகைப் பொருளைப் பல்லாயிரமாகச் செய்து குவித்தல் தொழிற்சாலைக்கு எளிது. ஒருவருக்கென்று தனியே ஒரு பொருளைச் செய்து கொடுத்தல் கைவினைஞனுக்கு எளிது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பல்லாயிரவர்க்குப் பல வகையாகப் பொருள் சமைத்தல் வேண்டும் என்று தொழில் நடத்துவோன் ஒருவன் கருதுவானாயின், அவன் படும் பாடு பெரிது. எத்தனை வகை உள்ளன, ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் உறவு யாது, எதனை ஒழிப்பது, எதனைப் பெருக்குவது என்னும் வினாக்கள் அவனைச் சூழ்ந்துகொள்ளும். இவ்வினாக்களுக்கு விடை காணும் முறைகள் இக்காலத்தில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளன. அக்கலையின் பெயரும் தோன்றாத 18-ஆம் நூற்றாண்டில், களிமண்ணைக் கையிற்கொண்டு அவ்வினாக்களோடு வாழ்நாள் முழுதும் போராடியவர் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் ஆங்கிலக் குயவர் ஆவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபோர்டுஷயர் என்னும் கோட்டத்திலுள்ள பர்ஸ்லெம் என்னும் ஊரில், வழிவழியாகக் குயத்தொழில் செய்துவந்த குடும்பத்தில், 1730-ஆம் ஆண்டில் வெட்ஜ்வுட் பிறந்தார். பெற்றோர்க்கு அவர் கடைசிப் பிள்ளை. நல்ல களிமண்ணும் நிலக்கரியும் அவ்வூரில் அருகருகே கிடைத்தன. நல்ல சாலை மட்டும் கிடையாது. பாண்டங்களைப் பொதிக்குதிரைமேல் ஏற்றிச் சேற்றுவழியே கொண்டுசெல்வர். வழியில் உடைந்தவை போக எஞ்சியவை சந்தைக்கு வரும். 1739-இல் தந்தை இறந்தார். பன்னிரண்டு வயதை எட்டும் பருவத்தில் அம்மைநோய் சிறுவனைத் தாக்கிற்று. உயிர் பிழைத்தாரேனும் வலமுழங்கால் வலியிழந்தது. 1744-இல் தமையனாரிடம் ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சிக்கு அமர்ந்தபொழுது, காலால் உதைத்துத் திருப்பும் சக்கரத்தின் முன் நெடுநேரம் அமர அவரால் இயலவில்லை. குயவன் மகனுக்குச் சக்கரம் மறுக்கப்பட்டது. அவர் மனம் வனைதலை விட்டு மண்ணின் இயல்பை ஆராய்வதிற் சென்றது இதனாலேயே என்பர். அது முழுதும் உண்மையாயினும் ஆகுக. பிற்காலத்தில் அவரே சக்கரத்தில் வனைந்த கலங்களும் உள்ளன என்பதை மறத்தலாகாது.

1754 முதல் ஐந்தாண்டு, அக்காலத்துப் புகழ்பெற்ற குயவராகிய தாமஸ் வீல்டன் என்பாரோடு கூட்டாகத் தொழில் செய்தார். அக்காலத்துப் பாண்டங்களின்மேல் மக்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. விலையும் நாளுக்குநாள் வீழ்ந்தது. புதிது ஒன்று காணாவிடின் பிழைப்பில்லை என்பதை உணர்ந்த வெட்ஜ்வுட், 1759-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு சோதனைக் குறிப்பேட்டைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண் உண்டு. மண் இன்னது, மெருகு இன்னது, சூளையில் வைத்த இடம் இன்னது என்பனவெல்லாம் குறியீடுகளால் எழுதப்பட்டன. பிறர் களவாடாதிருத்தற்பொருட்டு அக்குறியீடுகளின் பொருளை மறைத்தும் வைத்தார். சூளையின் உச்சியில் வைக்கப்பட்ட சிறு துண்டுக்கு ஒரு குறி. வேறிடத்தில் வைக்கப்பட்டதற்கு வேறு குறி. ஒரே மண்ணும் ஒரே மெருகும், வைத்த இடம் மாறின், வேறு நிறம் காட்டும் என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். நாம் விரும்பி உண்டாக்கும் வேறுபாடு ஒன்று. விரும்பாமல் வந்து சேரும் வேறுபாடு மற்றொன்று. முன்னதைப் பெருக்கிப் பின்னதைச் சுருக்குவதே அவர் வாழ்நாட்பணியாயிற்று.

அவ்வாண்டிலேயே பர்ஸ்லெமில் தனியே தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில், பாலேட்டின் நிறமும் மெல்லிய உடலும் மென்மையான மெருகும் உடைய ஒரு பாண்டத்தைச் செம்மைப்படுத்தினார். அது பீங்கானைப்போல விலையுயர்ந்ததன்று. பழைய முரட்டுக் கலங்களைப்போல இழிந்ததுமன்று. 1765-இல் அரசி சார்லட் தேநீர்க் கலவகுப்பு ஒன்றனைச் செய்யுமாறு கட்டளையிட்டார். பிறர் ஏற்கத் தயங்கிய அவ்வேலையை வெட்ஜ்வுட் ஏற்று முடித்தார். மறு ஆண்டில் அரசியின் குயவர் என்னும் பட்டம் கிடைத்தது. அந்நாள்தொட்டு அப்பாண்டத்திற்கு அரசிப் பாண்டம் என்பதே பெயராயிற்று. பெயரை மாற்றியதும் பொருளின் மதிப்பு உயர்ந்ததைக் கண்டு அவரே வியந்தனர். வியாபாரத்தின் இப்பகுதியைப்பற்றி விரித்துரைப்பார் பலர் உளர். யாம் இதனை இவ்வளவோடு விடுகின்றோம்.

1762-இல் லிவர்பூல் நகருக்குச் செல்லும் வழியில் அவருடைய பழைய முழங்காற் புண் மீண்டும் அடிபட்டது. அந்நகரிற் படுக்கையிற் கிடந்த நாளில், மருத்துவர் ஒருவர் வாயிலாகத் தாமஸ் பென்ட்லி என்னும் வணிகரின் நட்புக் கிடைத்தது. பென்ட்லி கற்றவர், பழைய கிரேக்கக் கலைகளிற் பயிற்சியுடையவர், இனிய பேச்சினர். பின்னர் இருவரும் கூட்டாளிகளாயினர். வெட்ஜ்வுட் பென்ட்லிக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் உள்ளன; அவர் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றை நாம் இத்துணைத் தெளிவாக அறிவது அவற்றாலேயாம். 1764-இல் தம் உறவினளாகிய சாராவை மணந்தார். 1768-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், நோய் முற்றிய வலக்காலை மருத்துவர்கள் வெட்டி நீக்கினர். உணர்விழக்கச் செய்யும் மருந்து அறியப்படாத காலம் அது. அவர் நாற்காலியில் அமர்ந்து, தம் பார்வையை மறைக்கவும் இசையாமல், அனைத்தையும் பொறுத்தார் என்பர். அதன்பின் மரக்காலோடு நடந்தார். குறையுள்ள பாண்டத்தைக் கண்டால் அம்மரக்காலால் உடைத்தெறிவார் என்பது வழிவழியாக வழங்கும் கதை.

கால் இழந்து ஓராண்டு நிரம்பியதும், 1769-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், எட்ரூரியா என்னும் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. பழைய இத்தாலியின் ஒரு பகுதியின் பெயரே அதற்கு இடப்பட்டது. அன்று பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, வெட்ஜ்வுட் தம் கையால் ஆறு கருங்கலங்களை வனைந்தார். 1766-இல் அவரே முதல் மண்வெட்டித் தொடங்கிய டிரென்ட்-மெர்ஸி கால்வாய் அத்தொழிற்சாலையின் அருகே செல்லும்படி அமைந்தது. 1777-இல் அக்கால்வாய் முற்றுப்பெற்றபின் பொதிக்குதிரைக்கு வேலை குறைந்தது.

எட்ரூரியாவில் இருவகைப் பாண்டங்கள் செய்யப்பட்டன: உண்பதற்கும் பருகுவதற்கும் பயன்படுவன, மாடத்தில் வைத்து அழகு பார்ப்பதற்குரியன. இருவகைக்கும் தனித்தனிப் பட்டறைகள் இருந்தன. அழகுப் பாண்டங்களில் மட்டுமே பென்ட்லிக்குப் பங்கு. பயன்பாட்டுப் பாண்டங்களில் வெட்ஜ்வுட்டின் உறவினர் ஒருவர் பங்காளி. இவ்வேற்பாட்டில் ஒரு முள் மறைந்துகிடந்தது. அழகிய வேலைப்பாடமைந்த தேநீர்க் கெண்டி எவ்வகையைச் சார்ந்தது? பயன்படுவது என்றால் ஒருவர்க்கு இலாபம். அழகுடையது என்றால் மற்றவர்க்கு. 1770-இல் இவ்வினா நண்பர்களுக்கிடையே எழுந்தது. வெட்ஜ்வுட் பென்ட்லிக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். அழகு மிகுதி, மெருகின் உயர்வு, விலையின் ஏற்றம் ஆகிய இவற்றுள் எதுவும் ஒரு பொருளை வகைமாற்றாது. உணவுவேளையில் எடுத்தாளப்படுவன எல்லாம் பயன்பாட்டுப் பாண்டமே என்பது அவர் கண்ட இலக்கணம். நட்புக்கு ஊறுநேராமல் வழக்குத் தீர்ந்தது. ஒரு பொருளை எவ்வகையில் அடக்குவது என்பது ஏட்டளவில் நிற்கும் கேள்வியாகத் தோன்றினும், அதன்மேல் ஒருவன் வருவாயும் ஒரு நட்பின் உயிரும் தொங்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அக்காலத்தில் அழகுக் கலங்களின்மேல் இங்கிலாந்துச் செல்வர்க்கு ஒரு பித்தே பிடித்திருந்தது. வெட்ஜ்வுட் புதுப்புது வடிவங்களை ஓயாமல் ஆக்கினார். நீண்ட கழுத்து, குறுகிய கழுத்து, பாம்புக் கைப்பிடி, ஆட்டுத்தலைக் கைப்பிடி, கருநிறம், கூழாங்கல் நிறம் என வகைகள் பெருகின. 1773-இல் அழகுப் பொருள்களின் பட்டியல் ஒன்று நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அரசிப் பாண்டத்திற்குச் செப்புத்தகட்டுச் சித்திரங்களுடன் ஒரு பட்டியல் வந்தது. வகைகளை அறிவிக்கும் முறைகளுட் பட்டியலே எளியது. நம் திவாகரமும் பிங்கலமும்போல ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அடுக்குவது அது. வாங்குவோர்க்கு அது போதும். செய்வோர்க்குப் போதாது. ஏனெனில், நிகண்டு சொற்களைக் கூறுமேயன்றி ஒரு சொல் மற்றொரு சொல்லிலிருந்து எங்ஙனம் தோன்றுகின்றது என்பதைக் கூறாது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கலங்களுள், இரண்டாவதைச் செய்ய முதலாவதன் அச்சே போதுமா, புதிய அச்சு வேண்டுமா, புதிய கைவினைஞன் வேண்டுமா என்பது பட்டியலைப் பார்த்தால் விளங்காது. விளங்காமையின் விலையை வெட்ஜ்வுட் 1772-இற் செலுத்தினார்.

அவ்வாண்டு ஜூன் திங்களில் லண்டனில் ஒரு வங்கியின் முதல்வர் கடன்பளுவிற்கு அஞ்சி நாட்டை விட்டோடினார். அதனைத் தொடர்ந்து பல வங்கிகள் வீழ்ந்தன. கடன் கொடுப்பார் கையை மூடிக்கொண்டனர். எட்ரூரியாவிற் பாண்டங்கள் விற்பனையாகாமற் குவிந்தன. கூலிக்குப் பணம் தேடவேண்டிய நிலை. இத்தனை வகை செய்தும், இத்தனை புகழ் பெற்றும், கையிற் காசு நில்லாமை ஏன்? வெட்ஜ்வுட் கணக்கேடுகளை விரித்து அமர்ந்தார். ஒவ்வொரு பாண்டத்திற்கும் மண்ணுக்கு எவ்வளவு, வனைவோன் கூலி எவ்வளவு, முன்மாதிரி செதுக்குவோனுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, கரி எவ்வளவு, உடைந்து கழிவது எவ்வளவு, வாடகை எவ்வளவு, எழுத்தர் சம்பளம் எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து எழுதினார். அங்ஙனம் எழுதிய பொழுது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, தலைமை எழுத்தர் ஒருவர் பணத்தைக் கையாடிவந்தமை. மற்றொன்று அதனினும் பெரிது.

அஃதாவது, செலவின் ஒரு பகுதி பாண்டங்களின் எண்ணிக்கையைப் பின்பற்றி ஏறி இறங்குகின்றது. மற்றொரு பகுதி, பாண்டம் பத்து வந்தாலும் நூறு வந்தாலும், கடிகாரத்தின் முள்போல நில்லாது ஓடிக்கொண்டேயிருக்கின்றது. முன்மாதிரியும் அச்சும் வாடகையும் மேற்பார்வையும் இப்பிற்பகுதியைச் சார்ந்தன. ஒரு கலத்திற்கு அச்சுச் செய்து பன்னிரண்டு கலங்களை மட்டும் விற்றால், அச்சின் செலவு முழுதும் அப்பன்னிரண்டின் தலைமேல் ஏறும். அதே அச்சில் முந்நூறு கலங்கள் செய்தால், ஒவ்வொன்றன்மேலும் ஏறும் பாரம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும். (இவ்வெண்கள் விளக்கத்திற்காக யாம் கொண்டவை.) ஆகவே வகை என்பது இலவசமாக வருவதன்று, ஒவ்வொரு புதிய வடிவமும் தான் பிறக்கும்பொழுதே ஒரு கடனோடு பிறக்கின்றது. பொருளாதார நூலார் நிலைச்செலவு என்று பிற்காலத்திற் பெயரிட்ட இதனை, ஒரு குயவர் தம் கணக்கேட்டிலிருந்தே கண்டெடுத்தார். அவர் பெற்ற புகழனைத்தினும் இக்கண்டுபிடிப்பே பெரிது என்பது எம் கருத்து. கால்வாயையும் பட்டங்களையும் போற்றுவோர் இவ்வொரு திங்களின் கணக்குவேலையை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

இனி, வகைகளைக் குறைத்துவிட்டால் துன்பம் தீருமே எனலாம். ஆனால், வாங்குவோர் வகையையே விரும்பினர். வகை குறையாமல் அச்சுக் குறையவேண்டும்; இதுவே புதிர். இப்புதிரை விடுக்கும் வழியைத் தமிழ் பயிலும் நாம் எளிதில் உணரலாம். உயிர் 12, மெய் 18. இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216. இருநூற்றுப்பதினாறு ஒலிகளையும் தனித்தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. முப்பதைக் கற்பித்து, கூடும் விதியையும் கற்பித்தால் எஞ்சியவை தாமே வரும். நிகண்டின் வழி வேறு, இலக்கணத்தின் வழி வேறு என்பது இதுவே. வெட்ஜ்வுட்டின் தொழிற்சாலையில் அரசிப் பாண்டத்தின் வடிவங்கள் உயிர்போல நின்றன. விளிம்பிற் தீட்டும் சித்திரங்கள் மெய்போல நின்றன. விளிம்புச் சித்திரங்கள் எண்ணிடப்பட்டு மாதிரி ஏட்டில் எழுதப்பட்டன. வாங்குவோர் வடிவத்தை ஒரு பக்கத்திலும் விளிம்பை மற்றொரு பக்கத்திலும் தெரிந்துகொள்வர். வெறுங்கலம் சூளையிலிருந்து ஒரே தன்மையாக வந்து காத்திருக்கும். யாருக்கு எது வேண்டும் என்பது தெரிந்தபின்னரே அதன்மேல் வண்ணம் ஏறும். லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்னும் இருவர், செப்புத்தகட்டிற் செதுக்கிய சித்திரத்தைத் தாளில் எடுத்துக் கலத்தின்மேல் ஒற்றும் முறையைக் கையாண்டுவந்தனர். 1761 முதலே வெட்ஜ்வுட் தம் கலங்களை அவர்களிடம் அனுப்பிவந்தார். இவ்வாறு வேறுபாடு பிறக்கும் இடத்தைத் தொழிலின் இறுதிப்படிக்குத் தள்ளிவைத்ததே அவருடைய நுட்பம்.

இம்முறையின் ஆற்றல் முழுதும் விளங்கியது ரஷ்யப் பேரரசி காதரீனுக்குச் செய்த கலவகுப்பிலேயாம். 1773-இற் கட்டளை வந்தது. ஐம்பதின்மர் உண்பதற்குரிய உணவுக்கலங்களும் பழக்கலங்களுமாக ஏறக்குறைய 950 உருப்படிகள் வேண்டும். ஒவ்வொன்றன்மேலும் ஆங்கிலநாட்டுக் காட்சி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். ஒரு காட்சி மீண்டும் வருதல் கூடாது. கோட்டைகள், பூங்காக்கள், பாழ்மடங்கள், ஆறுகள், பாலங்கள் எனக் காட்சிகள் 1200-க்கு மேற்பட்டன. பட்டியலின் வழியே நோக்கினால் இது ஏறக்குறைய 950 வெவ்வேறு பொருள்கள் ஆகும். எந்தக் குயவரையும் முழுக்கிவிடக்கூடிய பெருக்கம். ஆனால், வெட்ஜ்வுட் நோக்கியது வேறு. கலங்களின் வடிவம் பெரும்பாலும் அரசிப் பாண்டத்தின் பழைய வடிவங்களே. அச்சுகள் முன்னரே உள்ளன. உணவுக்கலத்தின் விளிம்புக்குக் கருவாலி இலைக்கொடி, பழக்கலத்தின் விளிம்புக்கு ஐவி இலைக்கொடி, இவை இரண்டே. அரண்மனை அமையவிருந்த இடம் தவளைகள் மிகுந்த சதுப்பு நிலமாதலின், ஒவ்வொரு கலத்திலும் பச்சைத் தவளை ஒன்று, அது மாறாது. மாறுவது நடுவிலுள்ள காட்சி ஒன்றே.

எனினும் அம்மாறும் பகுதி ஒன்றே அவர்களை வாட்டிவிட்டது. காட்சிகளுக்குச் சித்திரங்கள் வேண்டும். அச்சிட்ட படங்களிலிருந்து எடுத்தவை போதாமல், புதிதாய் வரைந்துவரவும் ஆள் அனுப்ப நேர்ந்தது. எந்தக் காட்சியை எந்தக் கலத்தில் வைப்பது என்பதிலும் ஓர் இடர். தம் மாளிகையைச் சிறு தட்டில் வரைந்துவிட்டார்கள் என்றோ, வரையாமலே விட்டார்கள் என்றோ பெருஞ்செல்வர் சினம் கொள்ளலாம். லண்டனில் செல்ஸி என்னுமிடத்தில் ஆடவரும் பெண்டிரும் அமர்ந்து தீட்டினர். 1774-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ரஷ்யாவிற்கு அனுப்புமுன், கிரீக் தெருவிலுள்ள விற்பனை மண்டபத்தில் அக்கலங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அரசி சார்லட்டும் வந்து கண்டார். வந்த பணம் சித்திரக்காரர் கூலிக்கும் பிற செலவிற்கும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று, இலாபம் பேசத்தக்கதன்று. காட்சி ஓவியத்தைக் கூடும் விதியிற் பெறுதல் இயலாது. ஒவ்வொன்றும் ஒரு மனிதன் கையால் வரவேண்டியது. இலக்கணத்தால் தோன்றும் வகைக்கு எல்லை உண்டு என்பதும் இதனாற் பெறப்படும்.

இக்காலத்துப் பொறியியலார் இவ்விரு வழிகளையும் பெயரிட்டு ஆராய்கின்றனர். 1990-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மென்பொருள் நிலையத்தார் ஒரு மரவரைபடத்தை வெளியிட்டனர். பொருள் அடிமரம், அதன் கூறுகள் கிளைகள். இன்றியமையாத கூறு, வேண்டின் கொள்ளலாகும் கூறு, பலவற்றுள் ஒன்றையே கொள்ளற்குரிய கூறு எனக் கிளைகள் குறிக்கப்படும். இது கொண்டால் அது கூடாது என்னும் விதிகளும் உடன் எழுதப்படும். தவளைக் கலத்தை அம்மரத்தில் வரைந்தால், தவளை இன்றியமையாதது. கருவாலியும் ஐவியும் இரண்டில் ஒன்று. உணவுக்கலமாயின் ஐவி கூடாது என்பது விதி. வேறொரு சாரார் மரத்தை விடுத்து, வாங்குவோரை வரிசையாக வினவும் வினாக்களாகவே வகைகளை அமைப்பர்: உணவுக்கோ, பழத்திற்கோ, எத்தனை பேருக்கு என்றாற்போல. முன்னது பொருள் எத்தன்மையது என்பதைக் காட்டும். பின்னது எதனை முடிவு செய்தல் வேண்டும் என்பதைக் காட்டும். செய்வோர்க்கு முன்னதும் விற்போர்க்குப் பின்னதும் இனியன என்று தோன்றுகின்றது. ஆயினும் இவை இரண்டும் பொருளையே நோக்குகின்றன. ஒரு கூறு மாறினால் சூளையில் என்ன மாறும், அச்சில் என்ன மாறும், ஆளில் என்ன மாறும் என்பதையும் உடன் இணைத்தாலன்றித் தொழிற்சாலைக்கு அவ்வரைபடம் பயன்படாது என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர் வற்புறுத்துகின்றனர். 1772-இல் வெட்ஜ்வுட் கணக்கேட்டிற் செய்தது அவ்விணைப்பையே.

1774-க்கும் அடுத்த ஆண்டிற்கும் இடையே, பல்லாயிரம் சோதனைகளுக்குப்பின், ஜாஸ்பர் என்னும் புதிய மண்கலவை அவர்க்குக் கைவந்தது. மெருகில்லாத மென்பரப்பு, உடலினூடே ஏறும் நீலம், பச்சை, ஊதா, மஞ்சள் முதலிய நிறங்கள், அதன்மேல் வெண்ணிறப் புடைப்புருவங்கள். புடைப்புருவம் சிறு அச்சிற் தனியே வார்க்கப்பட்டுக் கலத்தின்மேல் ஒட்டப்படும். ஆகவே ஓர் உருவம் கலத்திலும் வரும், பதக்கத்திலும் வரும், பொத்தானிலும் வரும். ஜான் பிளாக்ஸ்மன் போன்ற சிற்பிகள் ஒருமுறை செதுக்கியது பலகால் பயன்பட்டது. மண் சூளையிற் சுருங்கும் இயல்பையும் அவர் வீணாக்கவில்லை. சுட்டுச் சுருங்கிய உருவிலிருந்து மீண்டும் அச்செடுத்தால் அதே உருவம் சிறிதாகக் கிடைக்கும். 1787-இல் அடிமை வாணிகத்தை ஒழிக்க எழுந்த கூட்டத்தார்க்காக, விலங்குபூண்டு முழந்தாளிட்ட கறுப்பின மனிதனொருவன் உருவமைந்த பதக்கத்தை இம்முறையிலேயே செய்தார். அதனை விலையின்றி வழங்கினார். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஒரு தொகுதி அனுப்பினார். மக்கள் அதனைப் பொடிப்பெட்டியிற் பதித்தனர். பெண்டிர் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தனர். ஒட்டும் உருவம் எங்கும் ஒட்டும் என்பதன் பயன் இவ்வளவு தூரம் சென்றது.

விரும்பாத வேறுபாட்டோடு அவர் செய்த போர் இறுதிவரை ஓயவில்லை. ஒரே வகுப்புக் கலங்கள் நிறத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாமை பெருங்குறை. சூளையின் வெம்மையை அளக்கக் கருவியில்லை. சூளைக்காரன் கண்ணே அளவுகோல். களிமண் வெம்மைக்கேற்பச் சுருங்குவதைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவர் ஓர் அளவி செய்தார். சிறு மண்துண்டைச் சூளையில் இட்டு எடுத்து, போகப்போகக் குறுகும் பித்தளைத் தடத்தில் நகர்த்தினால், எவ்வளவு தூரம் செல்கின்றதோ அவ்வளவு சுருக்கம், அவ்வளவு வெம்மை. 1782-இல் இதனை அரசுக் கழகத்திற்கு அறிவித்தார். மறு ஆண்டு அக்கழகத்தின் உறுப்பினராயினார். அவர் கொண்ட அளவுநிலை உண்மை வெம்மையினும் மிக உயர்வாகக் காட்டியது என்பது பின்னர்த் தெரிந்தது. அதனால் குயவர்க்கு நட்டமில்லை. நேற்றைய சூளையும் இன்றைய சூளையும் ஒத்தனவா என்று அறிவதே அவர் வேண்டியது.

தொழிலாளர் நிலையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. பழைய குயவன் மண் பிசைவது முதல் சூளை அடுக்குவதுவரை எல்லாம் செய்வான். எட்ரூரியாவில் ஒருவன் வனைவான், ஒருவன் கடைவான், ஒருவன் கைப்பிடி ஒட்டுவான், ஒருவன் வண்ணம் தீட்டுவான். 1790-இல் அங்கிருந்த ஆடவர் பெண்டிர் சிறார் 278 பேருள், குறித்த வேலை இன்னதென்று இல்லாதவர் ஐவரே. மணி அடித்தால் வரவேண்டும். தாமதித்தால் கூலி குறையும். பொருளில் வகை பெருகப் பெருக, ஒருவன் செய்யும் வேலையில் வகை சுருங்கிக்கொண்டே வந்தது. வாங்குவோன் கையிற் சேர்ந்த பன்மை செய்வோன் கையிலிருந்து எடுக்கப்பட்டதோ என்னும் ஐயம் எமக்கு எழுகின்றது. அவ்வூரிற் கூலியும் வீடும் சாலையும் முன்னையினும் சிறந்தன என்பதும் மெய்யே. வெட்ஜ்வுட் தம் ஆட்களை வெறுத்தவரல்லர். ஆனால், அவர்களைத் தவறாத பொறிகளைப்போல் ஆக்குவதே தம் நோக்கமென்று நண்பர்க்கு எழுதுமளவுக்கு அவர் நம்பிக்கை சென்றது.

1780-இல் பென்ட்லி இறந்தார். அதன்பின்னும் வெட்ஜ்வுட் ஓய்ந்தாரல்லர். போர்ட்லண்டு பெருமகனார் உதவிய பழைய ரோமக் கண்ணாடிக் கலத்தைப் பார்த்து, ஏறக்குறைய நான்காண்டு முயன்று, 1789-இல் அதன் படியை ஜாஸ்பரில் முடித்தார். 1795-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் எட்ரூரியாவில் உயிர் நீத்தார். அவர் மகள் சூசன்னாவின் வயிற்றிற் பிறந்தவர் சார்ல்ஸ் டார்வின். பாட்டனார் பாண்டத்தின் வேறுபாட்டை ஆராய, பெயரன் உயிர்களின் வேறுபாட்டை ஆராய்ந்தமை ஒரு விந்தையான உடனிகழ்ச்சி.

1940 முதல் வெட்ஜ்வுட் தொழில் எட்ரூரியாவை விட்டுப் பார்லாஸ்டன் என்னும் ஊருக்கு மாறத் தொடங்கிற்று. பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. தவளைக் கலங்களுட் பெரும்பாலன செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடேஜ் காட்சிச்சாலையில் உள்ளன. பார்லாஸ்டன் காட்சிச்சாலையிலோ, எண் பொறித்த சிறு சோதனைத் துண்டுகள் தட்டுத்தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. 2014-இல் அத்தொகுதி ஏலத்திற்குப் போகும் நிலை வந்தபொழுது, மக்கள் பொருள் திரட்டி அதனை மீட்டனர். சூளையின் உச்சியில் வைத்ததற்கு இட்ட குறி அத்துண்டுகளில் இன்றும் படிக்கத்தக்கதாக உள்ளது.